தண்ணீர்த் தொட்டியும் புறாவும்

"ஊர்ல இவ்ளோ பிரச்சினை நடக்குது, நீங்க பசங்கள உக்கார வச்சு படம் வரைஞ்சிக்கிட்டு இருக்கீங்களே தோழர்" என்று போன கோடையில் ஒரு தோழர் கேட்டார். கேட்டவர் வெளியாள் அல்ல. வன்கொடுமை வழக்கென்றால் முதல் ஆளாகக் காவல் நிலைய வாசலில் நிற்பவர். எங்களோடு பத்தாண்டுகளாக நீதிமன்றம், மறியல், உண்ணாவிரதம் என்று அலைந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவர். அவரிடம் அன்று "இதுவும் போராட்டம்தான் தோழர்" என்று சொல்லிச் சமாளித்தோம். பிறகு யோசித்தால் அது வெறும் வாய்ப்பேச்சு. படம் வரைவதும் போராட்டம்தான் என்று சொல்லிவிட்டால், அந்தப் படத்தால் போராட்டத்துக்கு என்ன லாபம் என்ற கேள்வி பின்னாலேயே வந்துவிடும். அந்தக் கேள்விதான் ஒருமுறை எங்களைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

இந்த மே மாதம் உங்கள் சேரிகளில் ஓவிய வகுப்பு நடத்தப் போவதாக மாணவத் தோழர்கள் சிலர் எழுதியிருக்கிறீர்கள். என்ன வாங்க வேண்டும், எத்தனை நாள் நடத்தலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதையும் சொல்கிறோம். ஆனால் எங்கள் தவறையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் காலனியில் இரவுப் பள்ளி நடக்கும் கட்டடத்தில் கோடை வகுப்பு நடத்துகிறோம். பத்து நாள். காலை 9 மணி முதல் பகல் 12.30 வரை. 7 வயதிலிருந்து 14 வயது வரை முப்பது பிள்ளைகள்போல வருவார்கள். முதல் ஆறு நாள் ஓவியம், கடைசி நான்கு நாள் படப்புத்தகம் செய்வது. காகிதம், வண்ணம், தூரிகை எல்லாவற்றுக்கும் ஆன செலவைவிடச் சாப்பாட்டுக்கு ஆன செலவு அதிகம். இதைத்தான் முதலில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் பள்ளி மூடினால் சத்துணவும் நின்றுவிடும். நகரத்து அப்பார்ட்மெண்டில் 'சம்மர் கேம்ப்' என்றால் பிள்ளைக்குப் பொழுது போக வேண்டுமே என்ற கவலை. நம் தெருவில் விடுமுறை என்றால் ஒருவேளைச் சாப்பாடு குறைகிறது. பன்னிரண்டு வயதைத் தாண்டியவன் கேட்டரிங் ஆட்களோடு கல்யாண மண்டபத்துக்கு இலை எடுக்கப் போகிறான், பெண் பிள்ளை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்கிறது. முட்டையோடு எலுமிச்சைச் சோறு உண்டு என்று சொன்ன பிறகுதான் எங்களுக்குப் பாதிப் பிள்ளைகள் வந்தார்கள். இடுப்பில் தம்பியோடு வந்தவர்களும் உண்டு. தம்பிக்கும் ஒரு சாக்பீஸ் கொடுத்துவிட்டால் போதும், தரையெல்லாம் அவன் ராஜ்ஜியம்.

அரசு நடத்தவில்லையா என்று கேட்கலாம். நடத்துகிறது. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் கோடையில் ஓவியமும் பாட்டும் கற்றுக்கொடுக்கின்றன. நல்ல ஏற்பாடுதான். அது மாவட்டத் தலைநகரில் நடக்கும்போது கூலிக்குப் போகும் அம்மா எந்தப் பேருந்தில் பிள்ளையைக் கூட்டிப்போவார்? பல பள்ளிகளிலோ ஓவிய ஆசிரியர் என்பவரே பகுதிநேரம். 2012ல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கென 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். நிரந்தரம் கேட்டும் மே மாதச் சம்பளம் கேட்டும் அவர்கள் பல ஆண்டுகள் தெருவில் நின்றார்கள். ஓவிய ஆசிரியரே கோடைக் கூலிக்காகத் தெருவில் நிற்க வேண்டியிருந்த நாட்டில் சேரிப் பிள்ளைக்குக் கோடை ஓவிய வகுப்பு எங்கிருந்து வரும்?

முதல் நாள் எதுவும் சொல்லாமல் தாளைக் கொடுத்து, பிடித்ததை வரையச் சொன்னோம். முப்பது பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே படத்தை வரைந்தார்கள். உங்களுக்கும் தெரிந்த படம்தான். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிலிருந்து இறங்கும் ஆறு, ஓட்டு வீடு ஒன்று, தென்னை மரம் ஒன்று, வானத்தில் நான்கைந்து பறவைகள். எங்கள் ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டும் தூரத்தில் மலையே கிடையாது. பிள்ளைகள் யாரும் ஓட்டு வீட்டில் இல்லை. தொகுப்பு வீட்டின் ஒழுகும் கான்கிரீட் கூரையின் கீழ்தான் அத்தனை பேரும் வளர்கிறார்கள். இருந்தும் 'படம்' என்று சொன்னால் கை தானாக மலைக்குப் போகிறது. அந்த ஊரில் ஒரே ஒரு வீடு. ஊர்த்தெரு, சேரி என்ற பிரிவே இல்லை. சாதி ஒழிந்த கிராமம் தமிழ்நாட்டில் எங்கேயாவது உண்டென்றால் அது இந்த டிராயிங் நோட்டில்தான், அங்கே ஆளே குடியில்லாததால்.

இதைச் சொல்லிச் சிரிக்கலாம். ஆனால் பிள்ளை என்ன கற்றுக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். படத்தில் வரத் தகுந்த இடம் வேறெங்கோ இருக்கிறது, நான் இருக்கும் இடம் படத்தில் வராது. யாரும் இதை வாயால் சொல்லிக்கொடுக்கவில்லை. காலண்டரும் பாடநூலும் போட்டியில் பரிசு வாங்கிய படமும் சேர்ந்து சொல்லிக்கொடுத்தன. மறுநாள் மலைக்குத் தடைபோடவில்லை. தடைபோட்டால் அதையே ரகசியமாக வரைவார்கள். "உன் வீட்லேர்ந்து ஸ்கூலுக்குப் போற வழிய வரைஞ்சு காட்டு, நான் உங்க ஊருக்குப் புதுசு" என்று சொன்னோம். அதன்பிறகு பாருங்கள் படம் வருவதை! குட்டிச்சுவர், கைப்பம்பு, கருவேல மரம், கோழிக்கடை, பால் சொசைட்டி, எப்போதும் குரைக்கும் ஒரு நாய். வழி எங்கே நேராகப் போகிறது, எங்கே ஊர்த்தெருவைத் தொடாமல் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போகிறது என்பதும் தானாகவே தாளில் விழுந்தது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டியதுதான். பிள்ளைகள் வரைந்த வழியில் அந்த வளைவு மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

வண்ணத்துக்கு வந்தால் வேறொரு சிக்கல். மனிதரை வரைந்ததும் பிள்ளைகள் கேட்பது 'ஸ்கின் கலர்'. வெளிறிய ரோஸ் நிறத்தில் ஒரு கிரேயான். அமெரிக்காவில் கிரேயோலா நிறுவனமே 'சதை நிறம்' என்று வைத்திருந்த பெயரை 1962ல் 'பீச்' என்று மாற்றிவிட்டது. நம்மூரில் பிள்ளைகள் வாயில் அது இன்றைக்கும் 'ஸ்கின் கலர்'. கறுத்த கையால் அந்தக் குச்சியைப் பிடித்துத் தன் அம்மாவின் முகத்துக்கு அதைப் பூசுகிறது பிள்ளை. நாங்கள் அந்தக் குச்சியை எடுத்து ஒளித்துவைத்துவிட்டு, சிவப்பு, மஞ்சள், கொஞ்சம் நீலம் கலந்து அவரவர் மணிக்கட்டு நிறத்தைக் கொண்டுவரச் சொன்னோம். பெரிய புரட்சி செய்கிறோம் என்ற நினைப்பு எங்களுக்கு. பத்தாவது நிமிடத்தில் ஒரு பையன் அழுதுகொண்டு வெளியே போய்விட்டான். அவன் தட்டில் இருந்த நிறத்தைக் காட்டிப் பக்கத்துப் பையன் "கருவாயா" என்றிருக்கிறான். நம் தெருவுக்குள்ளும் நிறத்துக்கு ஏணி உண்டு என்பதை மறந்துவிட்டு வகுப்பு எடுத்தால் இப்படித்தான். அன்று வகுப்பை நிறுத்திவிட்டு, அவரவர் கலந்த நிறத்துக்கு அவரவரே பெயர் வைக்கச் சொன்னோம். கருப்பட்டி, நனைஞ்ச மண்ணு, வேர்க்கடலைத் தோலு, புளி, டிகாஷன். அழுத பையன் கடைசியில் வந்து தன்னுடையதுக்கு 'நாவப்பழம்' என்று எழுதினான். பிரச்சினை தீர்ந்ததென்று சொல்ல மாட்டோம். அந்தப் பெயர்களை எழுதிய அட்டை மட்டும் இன்னும் சுவரில் இருக்கிறது.

பெரிய பையன்களிடம் இன்னொன்று. இரண்டு வண்ணத்தைப் பக்கத்தில் பக்கத்தில் அடித்த சிறுவனைப் பார்த்துப் பன்னிரண்டு வயதுப் பையன் "டேய், அது அவங்க கொடி கலரு" என்று தடுத்தான். அவனுக்கு வண்ணச் சக்கரம் தெரியாது, சாதிச் சக்கரம் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவன் வீட்டுக்குள்ளேயே சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. கையில் கட்டிய கயிற்றை அவிழ்க்கச் சொல்லலாம். கண்ணுக்குள் கட்டிய கயிற்றை? நாங்கள் செய்தது ஒன்றுதான். அன்று மாலை பிள்ளைகளை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய், சூரியன் இறங்கும்போது வானத்தில் எத்தனை கொடிகள் தெரிகின்றன என்று எண்ணச் சொன்னோம். தடுத்த பையன் எல்லாரையும்விட அதிகமாக எண்ணினான்.

இனி படப்புத்தகம். எங்கள் தவறு இங்கேதான்.

புத்தகம் செய்வதில் முதல் பாடம் மிக எளிது. ஒரு சார்ட் தாளை மூன்று முறை பாதியாக மடித்தால் எட்டுக் கட்டம். பிரித்து, குறுக்கே ஒருமுறை பாதியாக மடித்து, மடிப்பின் பக்கத்திலிருந்து நடுக்கோடு வரை ஒரே ஒரு வெட்டு. பிறகு நீளவாக்கில் மடித்து இரு முனையையும் உள்ளே தள்ளினால் எட்டுப் பக்கப் புத்தகம் கையில். பசை வேண்டாம், நூல் வேண்டாம். கதையைப் படமாக முதலில் வரைய வேண்டும், எழுத்து அதற்குப் பிறகுதான் என்பது எங்கள் வகுப்பில் விதி. எழுதத் திணறும் பிள்ளை முதல் பக்கத்திலேயே நின்றுவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. படத்தில் நாய் இருந்தால் கீழே 'இது நாய்' என்று எழுதத் தேவையில்லை, நாய் என்ன நினைக்கிறது என்று எழுது என்போம்.

வேங்கைவயல் நடந்த அடுத்த கோடை அது. 2022 டிசம்பரில் அங்கே தலித் மக்கள் குடித்த மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்தார்கள். அந்த மாதங்களில் தண்ணீர்த் தொட்டி என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் எல்லாருக்கும் உடம்பு பதறும். அந்த வகுப்பில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி எட்டுப் பக்கத்திலும் தண்ணீர்த் தொட்டியை வரைந்தாள். கீழிருந்து, மேலிருந்து, இரவில், மழையில். எங்களுக்குப் புல்லரித்துவிட்டது. அன்று வந்திருந்த தோழர் ஒருவர் படம் பிடித்து, தண்ணீருக்காகக் கண்ணீர் விடும் சேரிச் சிறுமியின் தூரிகை என்ற பொருளில் நான்கு வரி எழுதி முகநூலில் போட்டார். நாங்களும் பகிர்ந்தோம். இரவுக்குள் நூற்றுக்கணக்கில் பகிர்வு, பாராட்டு, ஆவேசம்.

மறுநாள் அவள் எழுத்தைச் சேர்த்தாள். கதையில் தண்ணீரே இல்லை. தொட்டியின் ஏணிக்குக் கீழே ஒரு புறா முட்டை வைத்திருக்கிறது. புறாவுக்கு உயரம் என்றால் பயம், அதனால்தான் கீழே வைத்தது. குஞ்சு பொரித்ததும் குஞ்சுக்குப் பயமில்லை. கடைசிப் பக்கத்தில் குஞ்சு தொட்டியின் உச்சியில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிடுகிறது. அவ்வளவுதான். நல்ல கதை, சிரிப்பு வரும் கதை. அவள் அண்ணன் போனில் முகநூல் பதிவை அவளுக்குக் காட்டியிருக்கிறான். வந்து எங்களிடம் ஒரே கேள்வி கேட்டாள். "அண்ணா, நான் எப்ப அழுதேன்?"

இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை. பதிவை நீக்கினோம். பகிர்ந்தவர்கள் பக்கங்களில் அது எங்கெங்கோ இருக்கத்தான் செய்தது.

தோழர்களே, இதில் கெட்டவர் யாருமில்லை. படம் பிடித்தவர் உண்மையாகவே கலங்கினார். ஆனால் நாங்கள் செய்தது என்ன? புறாவை வரைந்த பிள்ளையைத் 'தலித் சிறுமி'யாக மட்டும் பார்த்தோம். ஊர்க்காரன் அவளை அப்படி மட்டும் பார்க்கிறான் என்பதுதானே நம் புகார்? அவன் இழிவாகப் பார்க்கிறான், நாங்கள் இரக்கமாகப் பார்த்தோம். அவள் தாளில் இருந்த புறா இரண்டு பேருக்கும் தெரியவில்லை. மற்ற சாதிப் பிள்ளை புறா வரைந்தால் அது புறா. நம் பிள்ளை வரைந்தால் மட்டும் அது ஏன் சாட்சியமாக வேண்டும்?

அப்படியானால் சாதியைப் பற்றிப் பேசவே கூடாதா என்று கேட்காதீர்கள். அதே புத்தகத்தின் ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. புறா ஊர்த்தெருத் தொட்டிக்குப் பறந்துபோய்ப் பார்க்கிறது, அங்கே இருக்கும் புறாக்கள் இடம் கொடுக்காததால் திரும்பிவிடுகிறது. பத்து வயதில் இதை எப்படிச் சொல்ல முடிந்தது என்று இன்றும் யோசிக்கிறோம். அவளிடம் அதற்கு அர்த்தம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்களுக்குப் பிடித்த அர்த்தத்தைச் சொல்லியிருப்பாள், பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்.

இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எங்களுக்கு ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டெய்ஸ் நினைவுக்கு வருவார். ஜெர்மனியில் பவுஹவுஸ் கலைப்பள்ளியில் படித்த யூத ஓவியர். 1942 டிசம்பரில் நாஜிகள் அவரைப் பிராக் நகருக்கு வடக்கே உள்ள தெரெசின் முகாமில் அடைத்தார்கள். கொண்டுபோக அனுமதித்த கொஞ்ச மூட்டையிலும் வண்ணமும் தாளும் எடுத்துப்போனார். அங்கே அடைக்கப்பட்ட பிள்ளைகளுக்கு, கிடைத்த கழிவுத் தாள்களில் ஓவியம் சொல்லிக்கொடுத்தார். பசியும் சாவும் சுற்றிலும் இருக்க, அவர் பிள்ளைகளைக் கொடுமையை வரைந்து காட்டச் சொல்லவில்லை. பூவை, ஜன்னலை, கோட்டின் ஓட்டத்தை, நிறத்தின் சேர்க்கையைச் சொல்லிக்கொடுத்தார். ஒன்றில் கண்டிப்பாக இருந்தார், படத்தில் பிள்ளை தன் பெயரை எழுத வேண்டும். அங்கே ஆட்களுக்கு எண்தான் இருந்தது. 1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்சுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அந்தப் பிள்ளைகளிலும் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். இரண்டு பெட்டிகளில் ஒளித்துவைக்கப்பட்ட ஏறத்தாழ 4,500 படங்கள் மிஞ்சின. இன்று அவை பிராக் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த நிலைமையும் நம் நிலைமையும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. ஆனால் அத்தனை இருட்டில் இருந்த ஒருவர் பிள்ளையிடம் சாட்சியம் கேட்கவில்லை என்பது எங்களுக்கு உறைத்தது. சாட்சியம் தேவைப்பட்டபோது அந்தப் பூக்களே சாட்சியம் ஆயின, ஒவ்வொன்றிலும் ஒரு பெயரோடு.

அதற்குப் பிறகு எங்கள் வகுப்பில் சில விஷயங்களில் கறாராக இருக்கிறோம். போன் வெளியே. புத்தகத்தின் அட்டையில் பிள்ளையின் பெயர் இருக்கும், அது யாருக்குக் காட்டப்படும் என்பதைப் பிள்ளைதான் முடிவுசெய்யும். போட்டி இல்லை, முதல் பரிசு இல்லை, பொன்னாடை போர்த்த சிறப்பு விருந்தினர் இல்லை. தலைப்புக் கொடுப்பதில்லை. 'தீண்டாமை ஒழிப்பு' என்று தலைப்புக் கொடுத்தால் பிள்ளைகள் இரண்டு கை குலுக்குவதை வரைவார்கள். பள்ளியில் அதற்குப் பரிசு கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். இந்தக் கட்டுரையில் புறாக் கதையை எழுதலாமா என்று அவளிடம் கேட்டோம். பெயர் போடக் கூடாது, படம் போடக் கூடாது, புறாவுக்கு உயரம் பயம் என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும் என்றாள். எழுதிவிட்டோம்.

அம்பேத்கரை வரையச் சொல்வதில்லையா? சொல்ல வேண்டியதில்லை, அவர்களே வரைவார்கள். நீலக் கோட்டு, கண்ணாடி, கையில் புத்தகம். ஏழு வயதுப் பையன் ஒருவன் அவரை வரைந்து, மேலே செங்குத்தாகக் கோடு கோடாக இழுத்தான். அடித்துவிட்டானோ என்று நினைத்துக் கேட்டோம். "அது அவரு வூடு" என்றான். அவன் பார்த்த அம்பேத்கர் எல்லாம் இரும்புக் கூண்டுக்குள் நிற்கும் சிலைதான். இதை அவனிடமும் அவன் அம்மாவிடமும் கேட்டுத்தான் எழுதுகிறோம்.

அவனுக்கும் மற்றவர்களுக்கும் பீமாயணத்தைக் காட்டினோம். 2011ல் நவயானா வெளியிட்டது. மத்தியப் பிரதேசத்துப் பர்தான் கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வ்யாம், சுபாஷ் வ்யாம் வரைந்த அம்பேத்கர் வாழ்க்கை. சிறுவன் பீமுக்குப் பள்ளியில் தண்ணீர் மறுக்கப்பட்டது, 1901ல் அப்பாவைப் பார்க்க ரயிலேறிப் போய் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தது எல்லாம் அதில் உண்டு. காமிக்ஸ்போலக் கட்டம் கட்டி வரைய அந்த ஓவியர்கள் மறுத்துவிட்டார்கள், ஆட்களைப் பெட்டிக்குள் அடைக்க விருப்பமில்லை என்று. நல்லவர் பேசினால் பேச்சுக் குமிழி பறவை வடிவில் இருக்கும். சாதித் திமிரோடு பேசுகிறவரின் குமிழிக்குத் தேள் கொடுக்கு. பிள்ளைகள் இதை ஒரே நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த நாள் யார் யார் பேச்சுக்கெல்லாம் கொடுக்கு முளைத்தது என்று சொன்னால் எங்களுக்கு ஊரில் சிக்கல். எங்களில் ஒருவரின் பேச்சுக்கும் கொடுக்கு வரைந்திருந்தார்கள், சோற்றுக்கு வரிசையில் நிற்கச் சொல்லிக் கத்தியதற்காக.

2012 மே மாதம் பாடநூல் கேலிச்சித்திரத்துக்காக நாம் எவ்வளவு கொதித்தோம் என்று மூத்த தோழர்களுக்கு நினைவிருக்கும். நத்தை மேல் அம்பேத்கர் உட்கார்ந்திருக்கும் சங்கரின் 1949ஆம் ஆண்டுப் படம். பதினோராம் வகுப்பு அரசியல் அறிவியல் புத்தகத்தில் இருந்தது. நாடாளுமன்றமே முடங்கியது. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஒரு படத்துக்கு எதிராக அவ்வளவு பேர் திரண்ட நாம், நம் பிள்ளைகள் கையில் கொடுக்க எத்தனை படம் செய்தோம்? ஹைதராபாத்தில் அன்வேஷி அமைப்பு 2008 வாக்கில் தலித், இஸ்லாமியக் குழந்தைப் பருவங்களைக் கதைப் புத்தகங்களாகக் கொண்டுவந்தது. கோகு ஷியாமளா எழுதினார். முகமது கதீர் பாபு வீட்டில் தலைக்கறி சமைப்பதையே ஒரு புத்தகம் ஆக்கினார். தமிழில் குழந்தைப் புத்தகத்தில் கறிக்குழம்பு கொதிக்கும் சேரி அடுப்பை எத்தனை பக்கத்தில் பார்த்திருக்கிறீர்கள்? எங்கள் வகுப்பில் ஆறாவது படிக்கும் ஒருவன் வாசிக்கத் திணறுவான். கதையை மட்டும் வாயால் சொன்னான், அவன் சொன்னபடியே 'குந்திகினு இருந்துச்சு', 'இட்டாந்துச்சு' என்று நாங்கள் எழுதிக் கொடுத்தோம். திருத்தவில்லை. தாத்தா பன்றிக்குட்டியைத் தேடி அலையும் கதை. ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அவன் வாசித்தது அன்றுதான்.

தாத்தா என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். பதினாறு பக்கப் புத்தகத்தைத் தைத்தாக வேண்டும். ஸ்டேப்ளர் பின் நடுமடிப்புக்கு எட்டவில்லை. தெருவில் ஒரு பெரியவர், ஐம்பது வருடம் செருப்புத் தைத்தவர், வாசலில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குத்தூசியும் மெழுகு தேய்த்த நூலும் கொண்டுவந்தார். மடிப்பில் மூன்று ஓட்டை. நடு ஓட்டையில் தொடங்கி, மேலே போய், கீழே போய், நடுவிலேயே வந்து முடிச்சு. நான்கு தாளும் கல்போல நின்றன. பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவருடைய பேரன் மட்டும் பின்வரிசைக்குப் போய்விட்டான். தாத்தாவின் தொழில் என்னவென்று மற்ற தெருப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டதே என்ற கூச்சம்.

அன்று மாலை எங்களுக்குள் பெரிய சண்டை. "குலத்தொழிலையா கத்துக்கொடுக்கறோம்? 1953ல ராஜாஜி அரைநாள் படிப்பு, அரைநாள் அப்பன் தொழில்னு கொண்டுவந்ததுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார் எங்களில் ஒரு பெண் தோழர். லேசான கேள்வி இல்லை. அந்தத் திட்டத்தை எதிர்த்து நடந்த போராட்டத்தால்தான் நாம் இன்று இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம். இன்னொரு தோழர், அந்தக் கையின் திறமையை மதிக்கக் கற்றுக்கொடுக்காமல் எதைக் கற்றுக்கொடுக்கிறோம் என்றார். காஞ்சா அய்லய்யா குழந்தைகளுக்கென எழுதிய உழைப்பின் மதிப்பு பற்றிய புத்தகத்தை எடுத்துக் காட்டினார். இரவு வெகுநேரம் பேசியும் ஒரு முடிவுக்கு வரவில்லை. எங்கள் இப்போதைய நிலை இதுதான்: எல்லாப் பிள்ளைகளும் தைக்கிறார்கள், பேரன் மட்டுமல்ல. தைப்பது தங்கள் புத்தகத்தை. பெரியவர் 'தாத்தா' என்று அல்ல, 'சார்' என்று அழைக்கப்படுகிறார், மற்ற பயிற்சியாளர்களுக்குக் கொடுக்கும் அதே தொகை அவருக்கும். இது போதுமா என்று எங்களுக்குச் சந்தேகம் உண்டு. பேரன் இரண்டாம் ஆண்டு கோடையில் முன்வரிசைக்கு வந்தான். தாத்தாவுக்காக வந்தானா, சிநேகிதன் அங்கே உட்கார்ந்ததால் வந்தானா என்பது அவனுக்கே வெளிச்சம்.

வாங்க வேண்டியவை: சார்ட் தாள், போஸ்டர் கலர் ஆறு நிறம் போதும், எண் 4, 8 தூரிகைகள், தடித்த ஊசி, நூல். பசை வாங்காதீர்கள், மைதா காய்ச்சுங்கள். சுவரொட்டி ஒட்டுகிற நமக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடும் பழக்கத்தைப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் விட்டுவிடுங்கள், அது விஷம். மஞ்சள், செங்கல் தூள், அடுப்புக்கரி, சொட்டு நீலம் இவற்றை வேப்பம்பிசினில் குழைத்தும் வண்ணம் செய்யலாம். ஆனால் ஏழைப் பிள்ளைக்கு இயற்கை வண்ணம் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். கடையில் விற்கும் பளபளப்பான நீலம் அவர்களுக்கும் வேண்டும்.

மூன்று கோடையில் சேர்ந்த புத்தகங்கள் ஒரு தகரப்பெட்டியில் இரவுப் பள்ளியில் இருக்கின்றன. மழைக்காலத்தில் எடுத்துக் காயவைத்து அடுக்குவது பிள்ளைகளின் வேலை. புறாவை வரைந்தவள் இப்போது சின்னப் பிள்ளைகளுக்கு எட்டுப் பக்க மடிப்பைச் சொல்லிக்கொடுக்கிறாள், பெட்டியின் சாவியும் அவளிடம்தான். வகுப்பைப் பார்க்க வரும் தோழர்கள் அவளிடம் கேளுங்கள். யார் புத்தகத்தைக் காட்டலாம், யாருடையதைக் காட்டக் கூடாது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறாள். அதைப் பார்த்துத்தான் திறப்பாள்.